வின்னி த பூ யாருக்குச் சொந்தம்? ஒரு கரடி, ஒரு குடும்பம், ஐந்து உரிமைகள்

2022 ஜனவரி 1 அன்று உலகப் பத்திரிகைகள் பலவற்றில் ஒரே செய்தி வந்தது: ஆங்கில எழுத்தாளர் ஏ. ஏ. மில்னின் குழந்தைக் கதைகளில் வரும் வின்னி த பூ என்ற கரடி இனி எல்லாருக்கும் சொந்தம். மறு ஆண்டே, தேன் ஜாடியைத் தவிர வேறெதையும் தேடாத அந்தச் சாதுக் கரடியைக் கொலைகாரனாகக் காட்டி ஒரு திகில் படம் திரைக்கு வந்துவிட்டது. 2024 ஜனவரி 1 அன்று மறுபடியும் அதே செய்தி. இந்தத் தடவை அதே கதைகளில் வரும் டிகர் என்ற புலிக்கு. இதற்கு நடுவில், சிவப்புச் சட்டை போட்ட பூ பொம்மைகளை டிஸ்னி எப்போதும்போல் விற்றுக்கொண்டே இருந்தது. பிரிட்டனில் 2026 முடியும்வரை உரிமை உண்டு என்கிறார்கள். இந்தியாவிலோ 2016-லேயே முடிந்துவிட்டது.

எல்லாருக்கும் சொந்தம் என்றால் டிஸ்னியிடம் என்னதான் இருக்கிறது? ஒரே கதைக்கு நாட்டுக்கு நாடு ஏன் வேறு தேதி? புலி ஏன் இரண்டு ஆண்டு பிந்தியது? இதெல்லாம் சட்டக் கேள்விகள்தான். ஆனால் இவற்றுக்குப் பதில் தேடினால் லண்டனில் ஒரு வீட்டின் குழந்தைகள் அறையில் போய்த்தான் நிற்க வேண்டும். அந்த அறையில் என்ன நடந்தது, அதிலிருந்து எது எது யாருக்குக் கைமாறியது என்று தெரிந்தால் குழப்பத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

சொற்களை முதலில் பிரித்துக்கொள்வோம்

1. பதிப்புரிமை: எழுத்து, ஓவியம், இசை போன்ற படைப்பின்மீது அதைப் படைத்தவருக்கும் வாரிசுகளுக்கும் உள்ள உரிமை. பத்திரிகைகளில் இதைக் 'காப்புரிமை' என்று எழுதுவதும் உண்டு. கண்டுபிடிப்புகளுக்கான உரிமையையும் அதே சொல்லால் குறிப்பதால் இங்கே பதிப்புரிமை என்றே எழுதுகிறேன். இதற்குக் கால வரம்பு உண்டு.

2. பொதுச்சொத்து: அந்தக் கால வரம்பு முடிந்தபின் படைப்பு அடையும் நிலை. யாரிடமும் அனுமதி கேட்காமல் அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம், மாற்றி எழுதலாம். தமிழ் வாசகர்களுக்குப் பழக்கமான 'நாட்டுடைமை' இதற்குப் பக்கத்தில் வரும், ஆனால் ஒன்றல்ல. நாட்டுடைமையில் அரசு பணம் கொடுத்து உரிமையை வாங்கி மக்களுக்கு விடுகிறது. பாரதியாரின் எழுத்துகளை 1949-இல் சென்னை மாகாண அரசு வாங்கியதும், பின்னர் அவை பொதுவானதும் அப்படித்தான். பொதுச்சொத்து ஆவதற்கு யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. காலம் முடிந்தால் போதும்.

3. வணிகமுத்திரை: டிரேட் மார்க். ஒரு பொருளை இன்னார் செய்தது என்று வாங்குபவர் அடையாளம் காண உதவும் பெயர், சின்னம், தோற்றம். புதுப்பித்துக்கொண்டே இருந்தால் இதற்கு முடிவே கிடையாது.

4. உரிமம்: உரிமை என்னுடையது, இன்ன வேலைக்கு, இன்ன நாட்டில் நீ பயன்படுத்திக்கொள் என்று தரும் அனுமதி. லைசென்ஸ்.

இந்த நான்கையும் கையில் வைத்துக்கொண்டு குடும்பத்துக்குப் போவோம்.

மில்ன் வீடு

ஆலன் அலெக்சாண்டர் மில்ன் 1882-இல் லண்டனில் பிறந்தவர். அப்பா ஒரு சின்னப் பள்ளிக்கூடம் நடத்தினார். அதில் கொஞ்ச காலம் பாடம் எடுத்தவர்களில் ஒருவர் பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற எச். ஜி. வெல்ஸ். மில்ன் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தார். 1906-இல் 'பஞ்ச்' என்ற நகைச்சுவை இதழில் துணையாசிரியர் ஆனார். 1913-இல் டாப்னியைத் திருமணம் செய்துகொண்டார். அப்புறம் முதல் உலகப் போர். 1916-இல் பிரான்ஸின் சோம் போர்முனையில் செய்தித் தொடர்பு அதிகாரியாக இருந்து, காய்ச்சல் கண்டு ஊர் திரும்பினார். அங்கே பார்த்தது அவரை விட்டு விலகவில்லை. 1934-இல் போரை எதிர்த்து ஒரு முழுப் புத்தகமே எழுதினார். பூ கதைகளில் எதிரி என்று ஒருவருமே கிடையாது என்பதைக் கவனித்தால், போருக்குப் போய்வந்த ஒருவர் கட்டிக்கொண்ட காடு அது என்று எனக்குப் படுகிறது.

அந்தக் காலத்தில் அவரை உலகம் நாடக ஆசிரியராகத்தான் அறிந்திருந்தது. குழந்தைகளுக்காக அவர் எழுதியவற்றில் பெரும்புகழ் பெற்றவை நான்கே நூல்கள்: 1924-இலும் 1927-இலும் இரண்டு பாடல் தொகுப்புகள், 1926-இலும் 1928-இலும் இரண்டு கதை நூல்கள். அந்த நான்கும் அவருடைய மற்ற எழுத்துகள் எல்லாவற்றையும் மறைத்துவிட்டன. அது அவருக்குக் கடைசிவரை வருத்தமாகவே இருந்தது.

மகன் பிறந்தது 1920 ஆகஸ்ட் 21. பெண் குழந்தையை எதிர்பார்த்து ரோஸ்மேரி என்று பெயரும் பார்த்து வைத்திருந்தார்கள். பையன் பிறந்ததும் ஆளுக்கொரு பெயர் சொல்ல, இரண்டையும் சேர்த்துக் கிறிஸ்டோபர் ராபின் என்று பதிந்தார்கள். ஆனால் வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. வீட்டில் அவன் 'பில்லி'. மில்ன் என்ற குடும்பப் பெயரைக் குழந்தை 'மூன்' என்று மழலையில் சொன்னதால் 'பில்லி மூன்'. கிறிஸ்டோபர் ராபின் என்ற பெயர் வீட்டில் புழங்காமல் சும்மா கிடந்தது. கிடந்ததை எடுத்துத்தான் அப்பா புத்தகத்தில் வைத்தார். இந்தச் சின்ன விவரத்தை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரையின் கடைசியில் இதற்கே திரும்பி வருவோம்.

வசதியான ஆங்கிலக் குடும்பங்களின் அன்றைய வழக்கப்படி குழந்தையை வளர்த்தது ஆயா. ஆலிவ் என்ற அந்தப் பெண் ஒன்பது வயதுவரை அவனோடே இருந்தார். சாப்பாடு, தூக்கம், உலாப் போவது எல்லாம் அவருடன்தான். அம்மா அப்பாவைப் பார்க்கக் காலை உணவுக்குப் பின், மாலைத் தேநீர் வேளை, இரவு படுக்கப் போகுமுன் என்று நேரம் உண்டு. குழந்தைகளோடு குழந்தையாய்ப் புரண்டு விளையாடும் ஆள் இல்லை மில்ன். தன்னால் நேரில் காட்ட முடியாத பிரியத்தைத்தான் அவர் கதையாக எழுதினார் என்று மகனே பிற்காலத்தில் கருதினார். பொம்மைகளுக்குக் குரல் கொடுத்து மகனோடு விளையாடியது டாப்னி. அந்தக் குரல்களும் குணங்களும் மாடியில் உருவாகி, கீழே அப்பாவின் மேசைக்குப் போய்க் கதையாயின. அட்டையில் டாப்னியின் பெயர் கிடையாது. இது எனக்கு உறுத்துகிற விஷயம்.

பொம்மைகள் எப்படிப் பாத்திரங்கள் ஆயின

1. கரடி. முதல் பிறந்தநாளுக்காக 1921-இல் ஹாரட்ஸ் கடையில் வாங்கிய டெடி பேர், ஃபார்னெல் நிறுவனம் செய்தது. முதலில் அதன் பெயர் எட்வர்ட். லண்டன் மிருகக்காட்சி சாலையில் 'வின்னி' என்றொரு கருங்கரடி இருந்தது. 1914 ஆகஸ்டில் கனடாவின் ஒயிட் ரிவர் ரயில் நிலையத்தில் ஹாரி கோல்பர்ன் என்ற ராணுவக் கால்நடை மருத்துவர் அந்தக் குட்டியை 20 டாலருக்கு வாங்கி, தன் ஊரான வின்னிபெக்கின் நினைவாகப் பெயர் வைத்து இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். பிரான்ஸ் போர்முனைக்குப் போகுமுன் மிருகக்காட்சி சாலையில் விட்டுப் போனார். குழந்தைகள் கையால் ஊட்டினால் தின்னும் அளவுக்கு அது சாது. 'பூ' என்பது கிறிஸ்டோபர் ஓர் அன்னப்பறவைக்கு வைத்திருந்த பெயர். இரண்டும் சேர்ந்துதான் வின்னி த பூ. தமிழ்க் காதுக்கு மலராகக் கேட்பது தற்செயல், ஆனால் நல்ல தற்செயல்.

2. ஈயோர் என்ற கழுதை. கிறிஸ்துமஸ் பரிசு. விளையாடி விளையாடிக் கழுத்துக்குள் இருந்த பஞ்சு இளகித் தலை தொங்கிப்போயிற்று. அந்தத் தொங்கிய தலையிலிருந்து வந்ததுதான் ஈயோரின் மாறாத சோகம். தன் பிறந்தநாளை யாரும் நினைவில் வைக்கவில்லை என்று நிற்கும் அந்தக் கழுதைக்குப் பூ ஒரு தேன் ஜாடி கொண்டு போகிறது, வழியில் தேனை அதுவே குடித்துவிடுகிறது. பிக்லெட் ஒரு பலூன் கொண்டு போகிறது, விழுந்ததில் அது வெடித்துவிடுகிறது. கடைசியில் காலி ஜாடிக்குள் கிழிந்த பலூனைப் போட்டுப் போட்டு எடுத்து ஈயோர் மகிழ்கிறது. நூறாண்டாகக் குழந்தைகள் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள், படித்துக் காட்டும் பெரியவர்களுக்குத் தொண்டை அடைக்கிறது.

3. பிக்லெட் என்ற பன்றிக்குட்டி. பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தது. கைக்குள் அடங்கும் அளவு. சின்னது என்பதால் பயந்த சுபாவம்.

4. காங்கா என்ற கங்காரு, அதன் குட்டி ரூ, அப்புறம் டிகர். கதைகள் ஓடத் தொடங்கியபின் வந்தவை. மகன் விளையாடட்டும் என்பதோடு, கதைக்கு உதவுமா என்றும் பார்த்தே பெற்றோர் இவற்றைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று கிறிஸ்டோபர் பின்னாளில் எழுதினார்.

5. ஆந்தையும் முயலும். இவற்றுக்குப் பொம்மையே கிடையாது, முழுக்க மில்னின் கற்பனை. படங்களில் பார்த்தாலே தெரியும்: மற்றவை தையல் போட்ட பொம்மைகள், இவை இரண்டும் நிஜமான காட்டு உயிர்கள். தமக்கு மூளை இருக்கிறது என்ற மிதப்பும் இவை இரண்டுக்கும்தான்.

இடமும் கற்பனை இல்லை. 1925-இல் சசெக்ஸ் மாவட்டம் ஹார்ட்ஃபீல்டு அருகே காட்ச்ஃபோர்டு பண்ணை வீட்டை மில்ன் வாங்கினார். பக்கத்திலேயே ஆஷ்டவுன் காடு. அங்கே 'ஐந்நூறு ஏக்கர் காடு' என்று ஒரு பகுதி உண்டு. கதையில் அது நூறு ஏக்கர் ஆயிற்று. குச்சிகளை ஒரு பக்கம் போட்டு மறுபக்கம் எது முதலில் வருகிறது என்று பார்க்கும் விளையாட்டு நடந்த மரப்பாலமும் உண்மையானதுதான்.

ஓவியர் ஷெப்பர்ட்: இன்னொரு வீட்டுக் கரடி

எர்னஸ்ட் ஷெப்பர்டும் 'பஞ்ச்' இதழ்க்காரர், சோம் போர்முனையைக் கண்டவர். காட்ச்ஃபோர்டுக்கு வந்து காட்டையும் பொம்மைகளையும் பையனையும் பார்த்தே வரைந்தார். கரடியை மட்டும் அப்படியே வரையவில்லை. தன் மகன் கிரஹாமிடம் இருந்த 'க்ரவ்லர்' என்ற கரடியைத்தான் மாதிரியாகக் கொண்டார். நியூயார்க்கில் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் கிறிஸ்டோபரின் கரடியைப் பார்ப்பவர்கள் 'படத்தில் இருப்பது போல இல்லையே' என்று திகைப்பதற்குக் காரணம் இதுதான். கிரஹாம் இரண்டாம் உலகப் போரில், 1943-இல், கடற்படைக் கப்பலோடு மூழ்கி இறந்தார்.

மில்ன் தன் பங்கிலிருந்து ஓவியருக்கும் ஒரு பங்கு ராயல்டி தந்தார். அக்காலத்தில் படம் வரைபவருக்கு ஒரு தொகையைக் கொடுத்துக் கணக்கு முடிப்பதுதான் வழக்கம். நல்ல மனசு. அது ஒருபுறம் இருக்க, சட்டத்தின் கணக்கில் எழுத்து ஒருவருடையது, படம் இன்னொருவருடையது. இந்தப் பிரிவுதான் இன்று பதிப்பாளர்களைத் தடுக்கி விழவைக்கும் இடம்.

ஒரே கரடி, ஐந்து அடுக்கு

1. பஞ்சு அடைத்த பொம்மை. கிறிஸ்டோபருடையது. 1947-இல் அமெரிக்கப் பதிப்பாளரிடம் போயிற்று. 1987 முதல் நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கிறது. உடன் ஈயோர், பிக்லெட், காங்கா, டிகர். ரூ மட்டும் இல்லை. அது 1930-களில் ஒரு பழத்தோட்டத்தில் தொலைந்துபோனது. பொம்மையை வைத்திருப்பவருக்குக் கதைமீது எந்த உரிமையும் வராது.

2. எழுத்து. மில்னுடையது, அவருக்குப் பின் அவர் உயிலில் குறித்தவர்களுடையது.

3. படம். ஷெப்பர்டுடையது.

4. கடைப்பொருளும் திரைப்படமும். உரிமம் வாங்கியவர்களுடையது. இதை அடுத்துப் பார்ப்போம்.

5. 'கிறிஸ்டோபர் ராபின்' என்ற பெயர். இது யாருடையது என்று எந்த ஒப்பந்தத்திலும் எழுதியிருக்கவில்லை.

டிஸ்னியிடம் எப்படிப் போனது

1930-இல் ஸ்டீபன் ஸ்லெசிஞ்சர் என்ற அமெரிக்கர் மில்னிடமிருந்து அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் பொம்மை, விளையாட்டுப் பொருள் போன்றவற்றுக்கான உரிமையை வாங்கினார். முன்பணம் 1000 டாலர், வருமானத்தில் 66 சதவீதம் மில்னுக்கு. ஒரு கதாபாத்திரத்தைக் கடைச் சரக்காக மாற்றி விற்கும் தொழிலின் முன்னோடிகளில் ஒருவர் அவர். பூவுக்குச் சிவப்புச் சட்டை போட்டதும் அவர் காலத்தில்தான், 1932-இல் வந்த ஓர் இசைத்தட்டில். ஷெப்பர்டின் புத்தகப் படங்களில் பூவுக்குப் பெரும்பாலும் உடையே இல்லை. எனவே இன்று எல்லாரும் மனக்கண்ணில் பார்க்கும் சிவப்புச் சட்டைக் கரடி, 1926 நூலில் இருக்கும் கரடி அல்ல.

மில்ன் 1956 ஜனவரி 31 அன்று இறந்தார். 1961-இல் டிஸ்னி இரண்டு பக்கமும் ஒப்பந்தம் போட்டது: ஒன்று ஸ்லெசிஞ்சரின் மனைவியோடு, இன்னொன்று மில்னின் குடும்பத்தோடு. 1966-இல் முதல் குறும்படம் வந்தது. பணம் கொட்டியது. எவ்வளவு, அதில் யாருக்கு எவ்வளவு என்பதில் சண்டை வந்தது. 1991-இல் ஸ்லெசிஞ்சர் குடும்பம் வழக்குப் போட்டது. 13 ஆண்டு இழுத்தபின், 2004-இல் நீதிபதி அதைத் தள்ளுபடி செய்தார். காரணம், அந்தத் தரப்பு அமர்த்திய துப்பறிவாளர் டிஸ்னியின் குப்பையிலிருந்து ஆவணங்களை எடுத்ததுதான்.

மில்னின் உயிலில் நான்கு பங்குதாரர்கள்: குடும்பம், நலிந்த எழுத்தாளர்களுக்கு உதவும் ராயல் லிட்டரரி ஃபண்ட், அவர் படித்த வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளி, அவர் உறுப்பினராக இருந்த காரிக் கிளப். 2001-இல் டிஸ்னி இவர்களிடமிருந்து மீதமிருந்த காலத்துக்கான உரிமையைச் சுமார் 35 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது. அதுவரை தவணை தவணையாக வந்ததை ஒரே தொகையாகப் பெற்றுக்கொண்டார்கள்.

ஏன் நாட்டுக்கு ஒரு தேதி

பதிப்புரிமைக் காலத்தைக் கணக்கிட இரண்டு கடிகாரங்கள் உண்டு. ஒன்று நூல் வெளியான ஆண்டிலிருந்து ஓடுவது, இன்னொன்று ஆசிரியர் இறந்த ஆண்டிலிருந்து ஓடுவது. அமெரிக்கா அந்தக் காலத்து நூல்களுக்கு முதல் கடிகாரத்தைப் பயன்படுத்துகிறது. மற்ற நாடுகள் பெரும்பாலும் இரண்டாவதை. எதுவானாலும் ஆண்டின் கடைசி நாளன்றுதான் காலம் முடியும். அதனால்தான் இந்தச் செய்திகள் எப்போதும் ஜனவரி 1 அன்று வருகின்றன.

1. அமெரிக்கா: வெளியீட்டிலிருந்து 95 ஆண்டு. 1926 நூல் 2021 முடிவோடு விடுபட்டது. டிகர் முதலில் வருவது 1928 நூலில், அதனால் புலிக்கு 2024. முன்பு இந்த வரம்பு 75 ஆண்டுதான். 1998-இல் சட்டம் மாறி 20 ஆண்டு கூடியது. அதற்காக வாதாடியவர்களில் டிஸ்னியும் உண்டு. பழைய சட்டமே நீடித்திருந்தால் 2002-லேயே பூ விடுபட்டிருக்கும்.

2. பிரிட்டன்: ஆசிரியர் இறந்து 70 ஆண்டு. 1956-லிருந்து எண்ணினால் 2026 முடிவு. ஷெப்பர்ட் இறந்தது 1976, எனவே அவர் படங்களுக்கு 2046 முடிவு. இலங்கையிலும் சிங்கப்பூரிலும் 70 ஆண்டு விதிதான்.

3. இந்தியா: 60 ஆண்டு. எழுத்து 2016 முடிவோடு விடுபட்டது. படங்களுக்கு 2036 முடிவு.

4. மலேசியா, கனடா: மில்ன் விஷயத்தில் 50 ஆண்டு விதி. 2006 முடிவோடு விடுபட்டது. கனடா பின்னர் 70 ஆண்டுக்கு மாறியது, ஆனால் ஏற்கெனவே விடுபட்டதைத் திரும்பப் பூட்டவில்லை.

திகில் படக்காரர்கள் எப்படித் தப்பித்தார்கள் என்பதற்கும் இங்கே பதில் இருக்கிறது. 1926 நூலில் இருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். டிகரைத் தொடவில்லை, டிஸ்னியின் தோற்றத்தையும் தொடவில்லை. சட்டம் பார்ப்பது அனுமதி தேவையா இல்லையா என்பதை மட்டும்தான். அந்தக் கரடிக்கு இது தகுமா என்று அது கேட்பதில்லை. எனக்கு அந்தப் படத்தின் யோசனையே கசப்புத்தான். ஆனால் யாரிடமும் கைகட்டி நிற்காமல் ஒரு நல்ல மொழிபெயர்ப்பாளர் வேலை தொடங்க முடிவதும் அதே கதவு வழியாகத்தான். ஒன்றைத் திறந்து இன்னொன்றை மூட முடியாது.

தமிழில் வெளியிட நினைப்பவர் என்ன செய்யலாம்

1. 1926, 1928 கதை நூல்கள் இரண்டையும் இந்தியாவில் தமிழாக்கி அச்சிட அனுமதி தேவையில்லை. ராயல்டியும் கிடையாது.

2. ஷெப்பர்டின் படங்களைப் போடக் கூடாது. இணையத்தில் கிடைக்கிறது, அமெரிக்காவில் பொதுச்சொத்து ஆகிவிட்டது என்பது இங்கே செல்லாது. புதிதாக ஓர் ஓவியரை வரையச் சொல்வதே வழி. அவர் கதையைப் படித்து வரைய வேண்டும், ஷெப்பர்டைப் பார்த்து வரையக் கூடாது.

3. சிவப்புச் சட்டை வேண்டாம். டிஸ்னியின் தோற்றம், அதன் படங்களில் மட்டும் வரும் பாத்திரங்கள், வசனங்கள், பாட்டுகள் எதுவும் வேண்டாம். அவற்றின் பதிப்புரிமை தனி.

4. நூலின் தலைப்பாகக் கரடியின் பெயரை வைக்கலாம். அதே பெயரில் சாப்பாட்டு டப்பா, பனியன், பள்ளிக்கூடப் பை என்று இறங்கினால் வணிகமுத்திரைச் சிக்கல் வரும்.

5. கொழும்புக்கோ சிங்கப்பூருக்கோ பிரதிகள் அனுப்புவதென்றால் அந்த நாட்டு விதியைப் பார்க்க வேண்டும். 2026 முடியும்வரை இந்தியக் கணக்கு அங்கே பொருந்தாது.

ஈயோரின் வறண்ட பேச்சைத் தமிழில் கொண்டுவரக் கொங்கு வழக்கோ நாஞ்சில் வழக்கோ எவ்வளவு பொருத்தமாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சட்டம் தடுக்கவில்லை.

ஐந்தாவது அடுக்கு: பெயர்

மற்ற நான்கு அடுக்குக்கும் ஏதோ ஒரு வேலி இருந்தது. பெயருக்கு இல்லை. ஒரு பெயருக்குப் பதிப்புரிமை கிடையாது. ஐந்தாறு வயதுக் குழந்தையிடம் சம்மதம் கேட்கும் வழக்கமும் அன்று இல்லை. கரடி பொதுச்சொத்து ஆக 95 ஆண்டு ஆயிற்று. பையன் முதல் நாளிலிருந்தே பொதுச்சொத்து.

சிறு வயதில் கிறிஸ்டோபருக்கு அது பிடித்தும் இருந்தது. கடிதங்கள் வரும், படம் எடுப்பார்கள். தன் குரலில் பாட்டுகளைப் பதிந்து ஓர் இசைத்தட்டுகூட வந்தது. மில்னுக்கே பிறகு இது உறுத்தியது. 1928-க்குப் பின் பூ கதைகளை நிறுத்திக்கொண்டார். பெயர் மாறியிருக்கக் கூடாதா என்று மகன் ஏங்கும் நாள் வரக் கூடாது என்று 1929-இல் எழுதினார்.

அந்த நாள் வந்தது. ஸ்டோ என்ற உறைவிடப் பள்ளியில் பக்கத்து அறைப் பையன்கள் அந்த இசைத்தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கிண்டல் செய்தார்கள். படுக்கைமுன் மண்டியிட்டுப் பிரார்த்தனை செய்யும் சிறுவனைப் பற்றிய பாட்டு அதில் இருந்தது. அலுத்துப்போனதும் தட்டை அவனிடமே கொடுத்தார்கள். அவன் அதைச் சுக்குநூறாக உடைத்துத் தொலைவில் ஒரு வயலில் கொண்டுபோய் இறைத்துவிட்டு வந்தான்.

நியாயமாகச் சொல்ல வேண்டிய இன்னொரு பக்கமும் உண்டு. ஆயா போனபின், பதின்வயதில், அப்பாவும் மகனும் நெருங்கினார்கள். கணக்குப் போட்டார்கள், கிரிக்கெட் ஆடினார்கள், குறுக்கெழுத்துப் போட்டியில் சேர்ந்து மூழ்கினார்கள். முறிவு வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பின். இத்தாலியில் தலையில் காயம்பட்டுத் திரும்பிய கிறிஸ்டோபருக்கு வேலை அமையவில்லை. போகிற இடமெல்லாம் பெயர் முன்னால் போய் நின்றது. தன் பிஞ்சுத் தோள்மீது ஏறித்தான் அப்பா உயரத்துக்குப் போனார், தன் நல்ல பெயரை எடுத்துக்கொண்டு இன்னாரின் மகன் என்ற வெற்றுப் புகழை மட்டும் விட்டுவைத்தார் என்று அந்நாட்களில் தோன்றியதாக 1974-இல் வந்த தன் நினைவுக்குறிப்பில் எழுதினார்.

1948-இல் லெஸ்லியை மணந்தார். லெஸ்லி அவருக்கு அம்மா வழி முறைப்பெண். 1951-இல் இருவரும் டெவன் மாவட்டத்து டார்ட்மத் ஊரில் புத்தகக் கடை வைத்தார்கள். பூ வாசகர்கள் தேடி வந்து கைகுலுக்கக்கூடிய தொழில், ஆனாலும் தன் உழைப்பில் நின்ற தொழில். அப்பா இறந்தபின் அம்மாவும் மகனும் ஏறக்குறையச் சந்திக்கவே இல்லை. டாப்னி 1971-இல் இறந்தார். அந்த நினைவுக்குறிப்பை எழுதி முடித்தபோது அப்பாவையும் புத்தகத்துச் சிறுவனையும் வெயிலில் நின்று நேருக்கு நேர் பார்க்க முடிந்தது என்கிறார். 1979-இல் குச்சிப் பாலத்தைப் புதுப்பித்தபோது திறந்து வைத்ததும் அவரே. ஆஷ்டவுன் காட்டில் எண்ணெய்க் கிணறு தோண்ட வந்தபோது எதிர்த்தவர்களில் அவரும் ஒருவர். பொம்மைகள் அமெரிக்காவில் இருக்கின்றனவே என்று கேட்டவர்களிடம், என்றோ பிடித்தவை அல்ல, இன்று பிடித்தவைதான் தன்னைச் சுற்றி இருக்க வேண்டும் என்றார்.

பூ வழியாக வந்த பணத்தைத் தொட அவர் நெடுங்காலம் மறுத்தார். கடையும் எழுத்தும் போதும் என்றிருந்தார். பிடிவாதத்தைத் தளர்த்தியது மகள் கிளேர். 1956-இல், தாத்தா இறந்த அதே ஆண்டில், பெருமூளை வாதத்தோடு பிறந்தவர். அவருடைய பராமரிப்புக்காகத்தான் கிறிஸ்டோபர் தன் பங்கை ஏற்றுக்கொண்டார். அவர் 1996-இல் இறந்தார், கிளேர் 2012-இல். கிளேரின் பெயரில் உள்ள அறக்கட்டளை டெவனிலும் கார்ன்வாலிலும் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்குப் பணம் தருகிறது.